சரக்கு வரும் முன்னே காசு வந்தால்...

மஃரிபுக்குப் பிறகு எங்கள் கடையில் கூட்டம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் என் சகோதரியின் மகன் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவான். ஸ்டொக் கணக்குப் பார்க்கிறான் என்றே பல நாட்களாக நம்பியிருந்தேன். ஒருநாள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் திரையிலும் ஒரு கடை! காசு மேசைக்குப் பின்னால் ஒரு சிறுமி நிற்கிறாள். எதிரே ஒரு கிழவர் ஒரு சாமானைக் காட்டி விலை கேட்கிறார். மருமகன் ஒரு விலை சொன்னான். கிழவர் முகத்தைச் சுளித்தார். சற்றுக் குறைத்துச் சொன்னான். அவர் திரும்பி நடந்துவிட்டார்.

"கூடக் கேட்டுட்டன் மாமா, மனுசன் போயிட்டார்" என்றான்.

இருபத்தைந்து வருடமாக நான் செய்யும் தொழிலை இந்தப் பொடியன் விளையாட்டாகச் செய்துகொண்டிருக்கிறான். ஏசுவதா சிரிப்பதா என்று விளங்கவில்லை. அடுத்து வந்த விடுமுறை நாளில் நானும் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அன்று முதல் இந்தச் சின்னஞ்சிறு விசித்திரக் கேம்கள் எங்கிருந்து வருகின்றன, யார் செய்கிறார்கள், அவர்களுக்கு முதல் எங்கிருந்து கிடைக்கிறது என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன். பொழுதுபோக்காகத் தேடியதில் வியாபாரிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய சங்கதிகளும் கிடைத்தன.

மருமகன் விளையாடிய கேமின் பெயர் ரெசெட்டியர். ஜப்பானில் ஈஸி கேம் ஸ்டேஷன் என்ற சிறு குழு செய்தது. 2007 இல் டோக்கியோவின் கொமிக்கெட் சந்தையில் அதை விற்பனைக்கு வைத்தார்கள். கொமிக்கெட் என்பது சாதாரண ஆட்கள் தாங்களே செய்த சித்திரக்கதைப் புத்தகங்களையும் கேம்களையும் மேசை போட்டு விற்கும் இடம். நமது வாரச்சந்தை மாதிரிதான், வருடத்துக்கு இரண்டு முறை கூடும். 2010 இல் அமெரிக்காவில் இரண்டே பேர் கொண்ட கார்ப்பே புல்கர் என்ற நிறுவனம் அதை ஆங்கிலத்துக்கு மாற்றி வெளியிட்டது. சில மாதங்களிலேயே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றுப்போயின.

கதை இதுதான். சாகசம் செய்யப் போகிறேன் என்று புறப்பட்ட தகப்பன் கடனை விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டார். கடன் கம்பனி மகளிடம் வந்து நிற்கிறது. வீட்டையே கடையாக்கி உழைத்து அவள் கடனை அடைக்க வேண்டும். முதல் வாரம் 10,000. அடுத்த வாரங்களில் 30,000, 80,000, 200,000. கடைசி வாரம் 500,000. ஆக மொத்தம் ஐந்து வாரத்தில் 820,000. வேடிக்கை என்னவென்றால், கடன் கம்பனியில் இருந்து வந்த குட்டித் தேவதைதான் அவளுக்கு வியாபாரமும் சொல்லிக்கொடுக்கிறது. தவணை தவறினால் வீடு போய்விடும். மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அதுவரை சேர்த்த தொழில் அனுபவம் கையில் இருக்கும். கடனில் அகப்பட்டவனின் கழுத்து எப்படி வாரா வாரம் இறுகுகிறது என்பதை ஒரு பொடியனுக்கு இதைவிடத் தெளிவாக விளக்க என்னால் முடியாது.

பேரம் பேசும் விதம் இன்னும் சுவையானது. சின்னப் பிள்ளை வந்தால் கையில் அதிகம் இருக்காது. அதற்கேற்ற விலைதான் சொல்ல வேண்டும். நியாயமான விலைக்குக் கொடுத்தால் அந்த ஆள் மீண்டும் வருவார், அடுத்த முறை கூடுதலாகச் செலவழிப்பார். ஒரேயடியாகக் கறந்துவிட நினைத்தால் வெறுங்கையோடு போய்விடுவார். ஜன்னலில் என்ன வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே உள்ளே வருகிறவர்களும் மாறுகிறார்கள். திடீரென ஒரு சாமானின் விலை ஏறும், இன்னொன்று விழும். முன்கூட்டியே வாங்கிப் போட்டவன் பிழைத்தான்.

இதே வகையில் மூன்லைட்டர் என்று இன்னொன்று இருக்கிறது. ஸ்பெயினில் டிஜிட்டல் சன் என்ற நிறுவனம் செய்து 2018 மே மாதம் வெளியிட்டது. இரவில் குகைக்குள் போய்ச் சரக்கு எடுத்து வந்து பகலில் கடை திறக்க வேண்டும். சாமான் ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வாங்க வருகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தால் மலிவாகக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். முகம் வாடியும் வாங்கினால் சற்றுக் கூடிவிட்டது, இனி அந்தச் சாமானுக்குக் கேள்வி குறையும். இடையில் திருடனும் வருவான், அவனையும் கவனிக்க வேண்டும். இதைச் செய்தவர்கள் கடைக்காரர்களைப் பல நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் போலும்!

இப்படிப்பட்ட எண்ணங்கள் பெரிய கம்பனிகளிடம் வருவது அரிது. அவர்கள் ஒரு கேமுக்குக் கோடிக் கணக்கான டொலர்களைக் கொட்டுகிறார்கள். அவ்வளவு காசைப் போட்டவன் கடந்த வருடம் ஓடிய சரக்கையே இந்த வருடமும் போடுவான், அது இயல்பு. விசித்திரமானதைச் செய்து பார்க்கும் துணிவு ஓரிருவர் கொண்ட சிறிய இடங்களில்தான் இருக்கிறது. இவற்றைத்தான் ஆங்கிலத்தில் சுருக்கமாக 'இண்டி' கேம் என்கிறார்கள். யாருக்கும் கட்டுப்படாத சுயாதீனத் தயாரிப்பு என்று பொருள்.

உதாரணத்துக்கு, 2013 இல் லூக்கஸ் போப் என்ற ஒரே ஆள் செய்து வெளியிட்ட 'பேப்பர்ஸ் ப்ளீஸ்'. இதில் நீங்கள் ஒரு கற்பனை நாட்டின் எல்லையில் கடவுச்சீட்டுப் பரிசோதிக்கும் உத்தியோகத்தர். வரிசையில் நிற்பவர்களின் பத்திரங்களைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். தலைக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். பிழை விட்டால் வெட்டு. மாலையில் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம் எல்லாம் அந்தச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு நாள் ஒரு பெண் பத்திரம் சரியில்லாமல் வந்து நின்று கெஞ்சுகிறாள். அவளது கணவன் இப்போதுதான் உங்களைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார். என்ன செய்வீர்கள்? சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நின்று பழகிய நமக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது வேறோர் அனுபவம்.

டோபி பொக்ஸ் 2015 இல் வெளியிட்ட அண்டர்டேல் இன்னொரு வகை. அரக்கர்கள் நிறைந்த உலகம், ஆனால் ஒருவரையும் கொல்லாமலே முடிக்கலாம். அதில் வரும் கடைக்காரர்களைப் பற்றி ஒரு சங்கதி. மற்றக் கேம்களில் நீங்கள் பொறுக்கிக்கொண்டு வரும் குப்பை எல்லாவற்றையும் கடைக்காரன் மறுபேச்சில்லாமல் காசு கொடுத்து வாங்குவான். இதில் முடியாது, நாங்கள் விற்கத்தான் கடை திறந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரேயொரு கடை மட்டும் வாங்கும். கல்லூரிப் படிப்புக்குப் பணம் சேர்க்கிறதாம்! இதை வாசித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வீட்டில் கேள்வி கேட்டார்கள்.

சரி, முதலுக்கு வருவோம். ஒரு கேம் செய்ய இரண்டு மூன்று வருடங்கள் செல்லும். அதுவரை வாடகை யார் கட்டுவது? வங்கி கொடுக்காது. முன்பு பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் கொடுத்தன, அதற்குப் பதிலாக உரிமையை எடுத்துக்கொண்டன. 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளம் ஆரம்பித்த பிறகு வேறொரு வழி திறந்தது. செய்யப்போவதை விளக்கி, இன்ன தொகை வேண்டும் என்று அறிவிக்க வேண்டும். விரும்பியவர்கள் பத்து டொலர், இருபது டொலர் என்று தருவதாகப் பதிவு செய்வார்கள். குறித்த நாளுக்குள் கேட்ட தொகை சேராவிட்டால் ஒருவரிடமும் ஒரு சதமும் எடுக்கப்படாது. சேர்ந்தால் தளம் 5 வீதத்தை எடுத்துக்கொள்ளும். பணம் மாற்றும் செலவு அதற்கு மேல். மிச்சம் செய்பவர் கைக்கு வரும். மேற்சொன்ன மூன்லைட்டர் 2016 இல் இப்படி 40,000 டொலர் கேட்டு 130,000 டொலருக்கு மேல் பெற்றது. அண்டர்டேல் கேட்டது 5,000, கிடைத்தது 51,124 டொலர்.

நம் மக்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. விலையை முன்னே கொடுத்துப் பொருளைப் பின்னே பெறும் ஸலம் வியாபாரத்தை நாம் அறிவோம். ஆனால் ஸலமில் பொருளின் தன்மை, அளவு, ஒப்படைக்கும் தவணை மூன்றும் திட்டமாகப் பேசப்பட வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் போடப்படும் தேதி வெறும் மதிப்பீடு. நாங்கள் கடை அல்ல என்று அந்தத் தளமே 2012 செப்டெம்பரில் பகிரங்கமாக அறிவித்தது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். நான் பார்ப்பது கணக்கை. சரக்கு இல்லாமல் காசு லாச்சிக்குள் வந்துவிட்டால் மனிதன் என்ன செய்கிறான்? அது இலாபம் அல்ல, அமானிதம் என்பதை எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறான்?

டிம் ஷேபரின் கதை இதற்குப் பெரிய பாடம். கேம் உலகில் பேர் பெற்ற மனிதர், டபள் பைன் நிறுவனத்தின் தலைவர். அவர் செய்ய விரும்பிய பழைய பாணிக் கதைக் கேம்கள் இனி விற்காது என்று வெளியீட்டாளர்கள் கைவிரித்திருந்தார்கள். 2012 பெப்ரவரியில் அவர் ரசிகர்களிடமே 400,000 டொலர் கேட்டார். கதை என்ன, பாத்திரம் யார் என்று அப்போது எதுவும் முடிவாகவில்லை. இருந்தும் எட்டு மணித்தியாலத்தில் கேட்டது முழுவதும் சேர்ந்தது. ஒரு நாளில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. முடிவில் 87,142 பேர் சேர்ந்து 33 இலட்சத்து 36 ஆயிரம் டொலர் கொடுத்திருந்தார்கள்.

கேட்டதைப் போல் எட்டு மடங்கு. இனி என்ன கவலை என்று நினைப்போம். ஆனால் காசு பெருத்ததும் வேலையும் பெருத்தது. சிறியதாகத் திட்டமிட்ட கேம் பெரியதாயிற்று. 2012 ஒக்டோபரில் தருவதாகச் சொன்னது வரவில்லை. 2013 ஜூலையில், இருக்கும் பணம் போதாது, கேமை இரண்டாகப் பிரித்து முதல் பாதியை விற்று வரும் காசில்தான் மறுபாதியை முடிக்கப் போகிறோம் என்று ஷேபர் அறிவித்தார். பலருக்குக் கோபம் வந்தது. கடைசியில் புரோக்கன் ஏஜ் என்ற பெயரில் முதல் பாதி 2014 ஜனவரியிலும் மறுபாதி 2015 ஏப்ரலிலும் வெளிவந்தன. அழகான கேம்தான், அதை மறுக்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பம் முதல் நடந்த குழப்பம் அனைத்தையும் படம்பிடித்து, பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பின்னர் அந்தப் படத்தை எல்லோருக்கும் இலவசமாகவும் திறந்துவிட்டார்கள். பிந்தியதை மறைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் ஓர்டர் பிந்தினால் வாடிக்கையாளருக்கு நாமாகவே போன் எடுத்துச் சொல்கிறோம்? அவர் எடுத்தால்கூட "வழியில் வருகிறது" என்றுதானே சொல்கிறோம்!

அதே 2012 இல் இன்னொரு கணக்கும் எழுதப்பட்டது. ஜஸ்டின் மா, மத்தியூ டேவிஸ் என்ற இரண்டு நண்பர்கள் ஷங்காயில் ஒரு பெரிய கேம் கம்பனியில் வேலை செய்தவர்கள். வேலையை விட்டு, சொந்தச் சேமிப்பில் ஒரு விண்கலக் கேமைச் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் எப்.டி.எல். கப்பலில் இருக்கும் மின்சக்தி கொஞ்சம். அதை இயந்திரத்துக்குக் கொடுப்பதா, கவசத்துக்குக் கொடுப்பதா, ஆயுதத்துக்குக் கொடுப்பதா என்று ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுக்க வேண்டும். கையிருப்புக் குறைந்த மாதத்தில் யாருக்கு முதலில் செக் கொடுப்பது என்று நாம் யோசிப்பதைப் போல. கேம் பெரும்பகுதி முடிந்த நிலையில்தான் அவர்கள் கிக்ஸ்டார்ட்டருக்குப் போனார்கள். கேட்டது 10,000 டொலர். கிடைத்தது 200,542. இருபது மடங்கு! அவர்கள் அசையவில்லை. எதைச் செய்வதாகச் சொன்னார்களோ அதையே முடித்து அதே வருடம் செப்டெம்பரில் கொடுத்தார்கள். பிறகு 2014 இல் ஒரு பெரிய விரிவாக்கத்தையும் செய்து, முன்பு வாங்கியவர்கள் எல்லோருக்கும் இலவசமாகவே வழங்கினார்கள்.

வாக்குறுதியின் பாரம் என்னவென்று அறிய யொட் கிளப் கேம்ஸ் நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். மண்வெட்டியை ஆயுதமாகக் கொண்ட வீரனின் கதையான ஷவல் நைட்டுக்காக 2013 இல் 75,000 டொலர் கேட்டார்கள். தொகை கூடக் கூட, இதையும் தருவோம் அதையும் தருவோம் என்று அறிவித்துக்கொண்டே போனார்கள். 311,502 டொலர் சேர்ந்தது. கேம் 2014 ஜூனில் வந்தது. ஆனால் வெளிவரும் முன் கடைசி மாதங்களில் பணம் தீர்ந்து சம்பளம் இல்லாமலே வேலை செய்தார்கள். கேம் நன்றாக ஓடியதால் பிழைத்தார்கள். அதன் பிறகுதான் சொன்ன வாக்குகளை நிறைவேற்றும் வேலை ஆரம்பமானது. கூடுதலாகத் தருவதாகச் சொன்ன பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கேம் அளவுக்கு வளர்ந்தன. கடைசிப் பகுதியை 2019 டிசெம்பரில்தான் முடித்தார்கள். ஒரு மாத உற்சாகத்தில் வாயால் சொன்னதை நிறைவேற்ற ஐந்தரை வருடம்! ஆரம்பத்தில் வாங்கியவர்களிடம் அதற்காக மேலதிகமாக ஒரு சதமும் கேட்கவில்லை. இந்த மனிதர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

எல்லோரும் அப்படி அல்லர். பிரித்தானியாவின் யொக்ஸ்காஸ்ட் என்ற பிரபல யூடியூப் குழுவின் பெயரில் 2012 இல் யொக்வென்ச்சர்ஸ் என்ற கேமுக்கு 567,665 டொலர் சேர்ந்தது. செய்யும் பொறுப்பை விண்டர்கூல் என்ற அனுபவம் குறைந்த சிறு நிறுவனம் ஏற்றது. 2014 ஜூலையில் கேம் கைவிடப்பட்டது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நமக்கு நன்கு தெரிந்த காரணம். ஓவியர் ஒருவருக்கு 35,000 டொலரை மொத்தமாக முன்னே கொடுத்துவிட்டார்கள். அவர் இரண்டு கிழமை அளவில் வேலை செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். திருப்பிக் கேட்க ஒப்பந்தத்தில் வழி இருக்கவில்லை என்று நிறுவனத் தலைவரே எழுதினார். ஒரு முறை நானும் கடைக்கு ராக்கை அடிக்க ஒருவருக்கு முழுப் பணத்தையும் முன்னே கொடுத்துவிட்டு ஆறு மாதம் அலைந்தவன். அந்தப் பகுதியை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை.

இன்னும் பெரிய உதாரணம் ஸ்டார் சிட்டிசன். 2012 இல் பொதுமக்களிடம் பணம் சேர்க்க ஆரம்பித்து இதுவரை 70 கோடி டொலருக்கு மேல் பெற்றுவிட்டது. பாதி முடிந்த நிலையில் விளையாடக் கொடுத்திருக்கிறார்கள். முழுமையான கேம் இன்னும் வரவில்லை.

முற்பணமே வேண்டாம் என்று இருந்தவரும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டலைச் சேர்ந்த எரிக் பரோன், ஸ்டார்டியூ வெலி என்ற விவசாயக் கேமைத் தனியாளாக நாலரை வருடம் செய்தார். படம், இசை, கதை எல்லாம் அவரே. பகுதிநேரமாக ஒரு அரங்கில் வாசலில் நின்று ஆட்களை இருக்கைக்கு அனுப்பும் வேலை பார்த்தார். முடியாத பொருளுக்கு விலை வாங்க அவர் விரும்பவில்லை. 2016 பெப்ரவரியில் வெளியிட்டார். 2024 முடிவில் 4 கோடியே 10 இலட்சம் பிரதிகள் விற்றிருந்தன. அந்தக் கேமில் வரும் கிராமத்தில் ஒரு சில்லறைக் கடை இருக்கிறது, கடைக்காரர் பெயர் பியர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜோஜா மார்ட் என்ற பெரிய சுப்பர் மார்க்கெட் வந்து அவரை நெருக்குகிறது. பியர் புதன்கிழமை கடையை மூடுவார். ஜோஜா மூடாது. யாரிடம் விதை வாங்குவது என்பது உங்கள் விருப்பம். ஜோஜாவில் அங்கத்தவரானால் ஊரின் பொது மண்டபம் அவர்களது களஞ்சியமாகிவிடும். மண்டபத்தைப் புனரமைத்தால் ஜோஜா மூடப்பட்டு, பியர் கிழமை முழுவதும் திறப்பார். தெருமுனையில் சுப்பர் மார்க்கெட் வந்த கவலையில் இருக்கும் எந்தச் சில்லறை வியாபாரிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

விளையாடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும், பிள்ளைகள் கேட்டு நச்சரிக்கும் வாப்பாமாருக்கும் சில வார்த்தைகள். இவற்றில் பெரும்பாலானவை ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கின்றன. அங்கே நூறு டொலர் கட்டினால் யாரும் கேமை விற்பனைக்கு வைக்கலாம். ஆகவே 2024 இல் மட்டும் 18,000 க்கு மேற்பட்ட கேம்கள் வந்து குவிந்தன. நல்லதும் கழிவும் ஒரே தட்டில். ஆனால் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்டவுடன் பணம் திரும்பும். நம் தெருவில் எந்தக் கடையில் இந்த வசதி? வருடத்தில் சில தடவை, வரப்போகும் கேம்களின் மாதிரிப் பகுதியை இலவசமாக விளையாட விடுகிறார்கள். புளியம்பழம் வாங்கும் முன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பதைப் போல அதைச் செய்யலாம். உண்மையிலேயே விசித்திரமானவை வேண்டுமென்றால் இட்ச் என்ற தளம் இருக்கிறது. அதில் பலவற்றுக்கு விலையை நீங்களே தீர்மானித்துக் கொடுக்கலாம். தளத்துக்கு எவ்வளவு கமிஷன் என்பதையும் விற்பவரே தீர்மானிக்கிறார், பூச்சியம் என்றும் போடலாம். ஸ்டீம் பொதுவாக 30 வீதம் எடுக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கையடக்கத் தொலைபேசியில் இலவசம் என்று வரும் பல கேம்கள் இடைக்கிடை காசு கேட்டுக்கொண்டே இருக்கும். திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் அதிர்ஷ்டப் பெட்டிகளையும் விற்கும். நான் மேலே சொன்ன சிறு கேம்களில் அது இல்லை. ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது.

முற்பணம் கட்டத்தான் வேண்டுமென்று பிள்ளை நின்றால், கேம் எந்த அளவில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். விளையாடிப் பார்க்க ஒரு துண்டாவது இருக்க வேண்டும். அண்டர்டேல் காரர் காசு கேட்கும் முன்பே மாதிரியை வெளியிட்டிருந்தார். செய்பவர் இதற்கு முன் எதையாவது முடித்துக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். கூடுதல் வாக்குறுதிகளின் பட்டியல் நீள நீள நான் பின்வாங்குவேன். அந்தக் காசு திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகைக்கு மேல் கொடுக்கவும் மாட்டேன்.

மருமகன் இப்போது நான்காவது வாரத்தில் நிற்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் 200,000 கட்ட வேண்டுமாம், கையில் இருப்பது பாதிதான். ஜன்னலில் எதை வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்டான். விலை ஏறியிருக்கும் சாமானை முன்னுக்கு எடு, கிழவரிடம் அவசரப்படாதே என்றேன். இஷாவுக்கு நேரமாகிவிட்டது, கடையை மூடு என்று சொன்னேன். எந்தக் கடையை என்று கேட்டான்.